இந்துமதி தேடிய காலி மேகம்

என் மனைவி இந்துமதிக்குச் சின்ன வயதிலிருந்தே மேகம் என்றால் பித்து. விளாத்திகுளத்தில் மழையை நம்பி மிளகாய் போடுகிற வீட்டில் பிறந்தவள் அண்ணாந்து பார்க்காமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு, கல்லூரியில் இயற்பியல் பாடமும் எடுத்துக்கொண்டு அவள் தேட ஆரம்பித்தது மழை மேகத்தை அல்ல. விண்வெளியில் கிடக்கும் குளிர்ந்த இருட்டு மேகத்தை. சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரங்கள் அதற்குள்தான் பிறக்கின்றனவாம். பிறந்தவற்றை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பிறப்பதற்குச் சற்று முன்னால், வாயு திரண்டு நிற்க, உள்ளே நட்சத்திரமே இல்லாத அந்த நிலைதான் யார் கையிலும் லேசில் சிக்குவதில்லை. அது சிக்கினால் அவளுக்கு டாக்டர் பட்டம்.

பிளாஸ்டிக் கடை வைத்திருக்கிற எனக்கு இது எங்கே புரிந்தது? முதல் மேகத்தை வெளிநாட்டு ரேடியோ தொலைநோக்கி பார்த்து அனுப்பிய அன்று, "உள்ள ஒரு நட்சத்திரம் இருக்குங்க" என்றாள். நான் ஓடிப்போய் மக்ரூன் வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தால், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நட்சத்திரம் இருந்தா எனக்குத் தோல்விங்க. நான் தேடுதது காலி மேகம்."

"ஏளா, இத முதல்லயே சொல்லப்பிடாதா?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வாழ்த்திவிட்டுப் போக வந்த பக்கத்து வீட்டாரிடமும் அன்று எரிந்து விழுந்தேன்.

அடுத்தடுத்துப் பார்த்த மேகங்களிலும் யாராவது குடிவந்திருந்தார்கள். பெரிய நட்சத்திரங்களுக்கு அவசரம் அதிகமாம். கடைசியில் ஒரே ஒரு மேகம் மிச்சம். அதுவும் காலியில்லை என்றால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்ற வேண்டும் என்று அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் சொல்லிவிட்டார். ஆறு வருட உழைப்பு. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "அதுக்குள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது முருகா, மொட்டை போடுதேன்" என்று திருச்செந்தூர்த் திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

கேட்டதும் இந்துமதி விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்த மேகத்துல இருந்து ரேடியோ அலை கிளம்பியே ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சு. இப்பப் போயி முருகன் என்ன செய்வாரு?"

"நீ படிக்கப் போறது அவருக்கு அப்பமே தெரிஞ்சிருக்கும். உன் வேலையப் பாரு."

படங்கள் வந்தன. வாரக்கணக்கில் முன்னும் பின்னும் சோதித்தாள். ஒரு ஞாயிறு மத்தியானம் மீன் குழம்புக் கையோடு ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "காலிங்க! தொலைநோக்கிக்கு எட்டின மட்டும் சுத்தமாக் காலி!" அவளும் அழுதாள், நானும் அழுதேன். இவ்வளவு சந்தோஷம் எங்கள் கல்யாணத்தன்றுகூட இல்லை.

அந்த வாரமே திருச்செந்தூர் போனோம். முடி இறக்குகிறவர் என் தலையை நனைத்துக்கொண்டே, "என்ன வேண்டுதல் அண்ணாச்சி?" என்றார்.

"வீட்டுக்காரி தேடுன எடத்துல ஒண்ணுமே இல்ல. அதுக்குத்தான்."

கத்தி நின்றது. "இல்லாததுக்கா மொட்டை?"

"இனிமேதான் பிறக்கும்" என்று இந்துமதி விளக்கினாள். "லட்ச வருஷம்கூட ஆகலாம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வேலையை முடித்தார்.

நான் எழுந்ததும் அந்த இடத்தில் அவள் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தாள். "எனக்குப் பூமுடி எடுங்க, நுனியில கொஞ்சம் கத்தரிச்சாப் போதும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏளா, நீயுமா? எப்ப வேண்டுன?"

"நீங்க வேண்டுததுக்கு முந்தியே" என்றவள் என் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.