அசுரன் வாயிலிருந்து மாமா

என் பெரியத்தையின் வீட்டுக்காரர் ஊமைப்படக் காலத்தில் கதாநாயகனாக நடித்தவர். எங்கள் வெண்ணந்தூரில் இதை நம்பிய ஒரே ஆள் அத்தைதான். அந்தப் படங்களில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. மாமாவின் முகத்திலோ அம்மைத் தழும்பு குழிகுழியாகக் கிடந்தது. "நடிச்சது ஊமைப்படம், சாட்சியும் ஊமை" என்று சித்தப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். மாமா சிரித்துக்கொண்டே வெற்றிலை மடிப்பார். அத்தைக்குத்தான் சோறு இறங்காது.

ஒருநாள் டூரிங் கொட்டாய்க்குப் பழைய பேசும்படம் ஒன்று வந்தது. அதில் தானும் இருப்பதாக மாமா எப்போதோ அத்தையிடம் சொல்லியிருந்தாராம். இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று சித்தப்பா பாதித் தெருவையே கிளப்பிவிட்டார். மாமா மட்டும் வரமாட்டேன் என்று மல்லுக்கு நின்றார். கூச்சப்படுகிறார் என்று நினைத்து நாங்களே இழுத்துப்போனோம். மாமா முகம் வந்ததும் காட்டுவதற்கு அத்தை முந்தானையில் சூடம் முடிந்திருந்தாள்.

பெண்கள் பக்கத்து மணலில் அத்தை மடியில் உட்கார்ந்து நான் தேடினேன். ராஜா வந்தார், மந்திரி வந்தார், மாமா வரவேயில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆண்களோடு இருந்த சித்தப்பா செருமிக்கொண்டேயிருந்தார். அப்புறம் கொம்பு வைத்த அசுரன் வந்து வாயைத் திறந்தான். வந்தது மாமாவின் குரல். தினமும் என்னிடம் சொம்புத் தண்ணீர் கேட்கும் அதே குரல். தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்தேன். மாமா வாயை மூடிக்கொண்டு தலை கவிழ்ந்திருந்தார்.

அதற்குள் அத்தை எழுந்து நின்று சூடத்தைக் கொளுத்திவிட்டாள். கூரை பற்றிக்கொள்ளும் என்று கொட்டாய்க்காரர் ஓடிவர, படம் நின்றது, விளக்கு எரிந்தது.

சித்தப்பா அந்தப் பக்கமிருந்து, "அக்கா, அது வேற ஆளுங்க. ஆரு மூஞ்சிக்கோ சூடங் காட்டறீங்க" என்றார். கொட்டாயே சிரித்தது.

"மூஞ்சி வேற ஆளுதான். கொரலு?" என்றாள் அத்தை.

யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் மாமா மெல்ல எழுந்தார். "போதுஞ் சாமி, படத்த ஓட்டுங்க" என்றார் கொட்டாய்க்காரரிடம். அவ்வளவுதான் சொன்னார், திரையில் அசுரன் பேசிய அதே குரலில். சிரிப்பு அப்படியே நின்றது. எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. சித்தப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜெயித்தவர் அழுவார் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு நடந்துபோகையில் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அம்மையில மொகம் போச்சுன்னு, அசுரனுக்குப் பேசக் கொரல மட்டும் வெச்சுக்கிட்டாங்க. உன்ற கிட்டச் சொல்ல வாய் வல்ல" என்றார் அத்தையிடம்.

"எந்த மொகம் போச்சுங்க? நான் மாலை போட்டது இந்த மொகத்துக்குத்தானுங்களே" என்றாள் அத்தை.

வாசலில் அவரை நிறுத்தி, மிச்சமிருந்த சூடத்தைக் கொளுத்தி முகத்தை மூன்று சுற்றுச் சுற்றித் திருஷ்டி கழித்தாள். அழகான முகத்துக்குத்தானே கண்ணு படும், குழி விழுந்த முகத்துக்கு எதற்கு என்று நான் குழம்பிக்கொண்டு நின்றேன்.