வாரிக்கின் மெல்பர்ன் கூட்டம்

அடுத்தவர் எங்கே போகிறார், எதைப் பார்க்கிறார், எப்போது திரும்புகிறார் என்று வேவு பார்ப்பதையே தொழிலாக்கிக்கொண்டவன், மெல்பர்னுக்குத் தெற்கே கடல் தாண்டி இருக்கும் அல்வர்ஸ்டனில் ஒருவன்தான் உண்டு. வாரிக் டில்யார்ட். உட்கார்ந்திருந்த கடையும் அவனுடையது இல்லை. மனைவி ரோஸ்லினுக்கு அவள் அம்மா விட்டுப்போன கம்பளிக் கடை அது. பின்புறம் பின்னல் இயந்திரங்கள் ஓடும். விடியற்காலை மழையில் மாடு கறக்கப் போகிறவர்களும், படகில் போகிறவர்களும் வாங்கும் முழங்கால் உயரக் காலுறைதான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது.

டிராக்டர் விற்கும் வேலை கையை விட்டுப் போனதும் வாரிக் கடைக்குள் நுழைந்தான். சும்மா இருக்க முடியாமல் இணையத்தில் ஒரு கடை திறந்தான். அதோடு விட்டிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். வருகிறவர்களைக் கண்காணிக்கும் மென்பொருள் ஒன்றையும் அதில் பொருத்திக்கொண்டான். எந்த ஊர் ஆள், எந்தப் பக்கத்தைப் பார்த்தார், எவ்வளவு நேரம் நின்றார், எதைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனார் என்று அது சொல்லும். யாராவது உள்ளே இருந்தால் வரைபடத்தில் அவர் ஊர்மேல் ஒரு நீலப் புள்ளி எரியும். அந்தப் புள்ளி வாரிக்கின் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பால்பண்ணைக்கார மெர்வ் வந்து கல்லாவின் முன்னால் நிற்பார். பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டும். வாரிக் தலையைத் தூக்கமாட்டான்.

"என்னப்பா, காலுறை இருக்கா, இல்ல நானே உள்ள போய் எடுத்துக்கட்டுமா?"

"இரு மெர்வ். பிரிஸ்பேன்ல ஒருத்தர் தொப்பி பாத்துட்டு இருக்கார்."

"நான் இங்க நின்னுட்டு இருக்கேனேப்பா."

கடைக்குள் நிற்கிற ஆளுக்குப் புள்ளி எரியாது. புள்ளி எரியாதவன் வாரிக்கைப் பொறுத்தவரை ஆளே இல்லை.

அந்த சமயத்தில்தான் நாய்க் கோட்டு வந்தது. கடுகு மஞ்சள் நிறத்தில், காலர் வைத்து, வாரிக்கே வரைந்தது. சொந்த மூளையில் பிறந்த சரக்கு என்பதால் பெருமை தாங்கவில்லை. ரோஸ்லின் முனகிக்கொண்டே ஒன்றைப் பின்னிக் கொடுத்தாள். நாய் ஒன்றுக்கு மாட்டிப் படம் எடுத்துக் கடையில் ஏற்றினான். வாரம் முடிவதற்குள் மெல்பர்ன் திரண்டு வந்துவிட்டது. காலையில் மெல்பர்ன், மதியம் மெல்பர்ன், மதுக்கடையில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் மெல்பர்ன். எல்லாம் புது ஆட்கள். எல்லாரும் நேராகக் கோட்டுப் பக்கத்துக்குத்தான் வந்தார்கள். சிலர் கூடையில்கூடப் போட்டுப் பார்த்தார்கள்.

"வாங்கினாங்களா?" என்றாள் ரோஸ்லின்.

"வாங்கறதுக்கு முன்னாடி பாக்கத்தானே செய்வாங்க? குளிர் வரட்டும்."

"நீயே பாக்கறதையும் அது ஆளா எண்ணிடப் போகுது."

"கடைக் கம்ப்யூட்டரை முதல் நாளே கணக்குலேருந்து நீக்கிட்டேன். நான் என்ன அவ்வளவு முட்டாளா?"

நீக்கியது உண்மைதான். ஆனால் அவன் நாள் முழுக்கக் கோட்டைத் திறந்து திறந்து பார்த்தது கைப்பேசியில். படம் நன்றாக விழுந்திருக்கிறதா, கூடைப் பொத்தான் வேலை செய்கிறதா என்று மணிக்கொரு தரம் பார்ப்பான். அதுவும் உலாவியில் தடம் விழாத ரகசியச் சாளரத்தில். "எவனோ ஒரு கம்பெனிக்காரன் என் பின்னாலேயே மோப்பம் பிடிச்சுட்டு வர்றதுக்கு நான் இடம் கொடுக்கமாட்டேன்" என்று மதுக்கடையில் மார்தட்டுவான். ஊரார் தடத்தையெல்லாம் பொறுக்குகிறவனுக்குத் தன் தடத்தின்மேல் அவ்வளவு கூச்சம்.

ஆலையிலிருந்து கம்பளி நூல் குளிருக்கு முன்னால் ஒரே தடவைதான் வரும். அதை முழுக்கக் கோட்டுக்காக மஞ்சளில் வாங்கச் சொன்னான் வாரிக்; வாங்கினால் அந்தக் குளிருக்குக் காலுறை கிடையாது. ரோஸ்லின் சண்டை போட்டுப் பார்த்தாள். "அம்மா கடைடா இது. காலுறைக்கு வர்றவங்களை வெறுங்கையோட அனுப்பினா திரும்ப வரமாட்டாங்க." அவன் திரையை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினான். மெல்பர்ன் ஆட்களின் எண்ணிக்கைக் கோடு கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பேசிப் பேசி அவள் மனதைக் கரைத்தான். நூல் முழுவதும் மஞ்சளாக வந்து இறங்கியது.

குளிர் வந்தது. கோட்டுகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. காலுறைக்கு வந்தவர்கள் பக்கத்து ஊர் டெவன்போர்ட் கடைக்குப் போனார்கள். மெல்பர்ன் மட்டும் சளைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிறு, லெவன் ஆற்றில் மீன் பிடிக்கப் போன வாரிக் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்த கைப்பேசி தண்ணீரில் விழுந்தது. மறுநாள் வரைபடத்தில் மெல்பர்ன் இருண்டு கிடந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

"மெல்பர்ன்ல கரண்ட் போயிடுச்சா?" பேயறைந்தவன்போல் கேட்டான்.

"நேத்து டிவியில ஃபுட்டி மேட்ச் காட்டினாங்க. அங்க அரங்கம் நிரம்பி வழிஞ்சுது" என்றாள் ரோஸ்லின்.

புதுக் கைப்பேசி வாங்கி வந்தான். படம் ஏதோ கெட்டிருக்கும் என்று ரோஸ்லினுக்குக் காட்டக் கோட்டுப் பக்கத்தைத் திறந்தான். கடைக் கம்ப்யூட்டர் திரையில் மெல்பர்ன்மேல் புள்ளி எரிந்தது.

"பாத்தியா, வந்துட்டாங்க!"

ரோஸ்லின் கைப்பேசியை வாங்கிப் பக்கத்தை மூடினாள். சற்று நேரத்தில் புள்ளி அணைந்தது. திறந்தாள். எரிந்தது. கைப்பேசி நிறுவனத்தின் இணைப்பு கடல் தாண்டி மெல்பர்ன் வழியாகத்தான் போகிறது. தடம் விழாத சாளரம் என்பதால் அவன் ஒவ்வொரு முறை திறந்தபோதும் ஒரு புது ஆள் பிறந்திருக்கிறான்.

"அந்த மெல்பர்ன்காரன்கிட்ட சொல்லு, கோட்டெல்லாம் அவனே போட்டுக்கட்டும்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அது அவனுக்கு இன்னும் வலித்தது.

கதவு மணி அடித்தது. மெர்வ். வாரிக் வாழ்க்கையில் முதல் தடவையாக எழுந்து நின்றான். "வாங்க மெர்வ், உட்காருங்க, என்ன வேணும்?"

"உன்கிட்ட ஒண்ணும் வேணாம்ப்பா. ரோஸ்லின்கிட்டதான் பேச வந்தேன்." அவள் பக்கம் திரும்பினார். "டெவன்போர்ட் கடையில விக்கிறது ரெண்டே தடவை துவைச்சா ஓட்டை விழுந்துடுதும்மா. உன் காலுறை மாதிரி பின்ன ஆள் கிடைச்சா இயந்திரத்துக்கும் சேர்த்து இடம் தர்றேங்கிறார் அந்தக் கடைக்காரர். என் யூட் வண்டி வெளியிலதான் நிக்குது."

ரோஸ்லின் பின்புறம் போனாள். அம்மாவின் முதல் இயந்திரத்தின் ஒரு முனையைப் பிடித்தாள். மெர்வ் மறுமுனையைப் பிடித்தார்.

எல்லாம் ஏற்றி வண்டி போன பிறகு வாரிக் மஞ்சள் அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்தான். பழக்கத்தில் விரல் கைப்பேசியில் கோட்டுப் பக்கத்தைத் திறந்தது. மெல்பர்னிலிருந்து ஒருவர் வந்திருந்தார்.