எங்கள் வீட்டுப் பேறுகாலம்

எனக்குக் குழந்தை இல்லை. நான் சொல்வதற்கு முன்பே பருத்திப்பட்டில் எங்கள் தெரு அதைச் சொல்லிவிடும். எண்பதுகளின் கடைசி அது. எதிர்வீட்டுக்காரி தன் மகளுக்கு வளைகாப்பு வைத்தாள். எல்லா வீட்டுக்கும் குங்குமச் சிமிழோடு போய் அழைத்தவள், எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போனாள். அன்றைக்கு முழுக்கச் சமையலறையில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

அந்த மழைக்காலத்தில்தான், நாங்கள் சோறு போட்டு வளர்த்த செவலை நாய் பின்பக்கம் துவைக்கிற கல்லோரம் ஐந்து குட்டி போட்டது. மழைத்தண்ணீர் ஏறி வந்தது. குட்டிகளை முந்தானையில் அள்ளி வந்து, சமையலறை மூலையில் கோணிப்பை விரித்துப் படுக்க வைத்தேன். தாய் உறுமாமல் என் பின்னாலேயே வந்து படுத்துக்கொண்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் முகம் சுளித்தார்.

"இன்னாடி இது, அடுப்பாண்ட?"

"பச்ச ஒடம்புக்காரி. மழையிலயா படுப்பா?" என்றேன்.

ஆனால் தாய்க்குப் பால் சுரக்கவில்லை. எலும்பும் தோலுமாகக் கிடந்தது. குட்டிகள் காம்பைக் கவ்வுவதும், விட்டுவிட்டுக் கத்துவதுமாக இருந்தன. கடைக்குட்டிக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. பசும்பாலைப் பஞ்சில் நனைத்து அதன் வாயில் பிழிந்தேன், வாயோரமாக வழிந்துவிட்டது. ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு என்ன செய்வார்களோ அதையே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

காலையில் கூடையோடு வந்த மீன்காரம்மாவிடம் பால்சுறா கேட்டேன். பால் ஊறுவதற்காகப் பிள்ளை பெற்ற வீட்டில் தேடி வாங்கும் மீன் அது. அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"யாருக்கும்மா? சொல்லவேயில்ல!"

"எங்க ஊட்டுப் பொண்ணுக்குத்தான்."

"இன்னா கொழந்த?"

"மூணு பொண்ணு, ரெண்டு ஆணு."

"யம்மா! அஞ்சா?" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. விஷயம் தெரிந்ததும் எதிர்வீட்டுக்காரி, "நாய்க்குப் பேறுகாலம் பாத்துகினு கீது இது!" என்று சிரித்தாள்.

"ஆமா, பாக்கறேன். பத்தியம் போட எனக்கும் தெரியும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு மீனோடு உள்ளே வந்தேன்.

சுறாவை வேக வைத்து, தோலுரித்து, உதிர்த்து, மஞ்சள் மட்டும் போட்டுப் புட்டாக்கிக் குழைந்த சோற்றில் பிசைந்து வைத்தேன். நாய்க்கு ஆகாது என்று உப்பு, காரம், பூண்டு எதுவும் போடவில்லை. தாய் தட்டை நக்கியே அறை முழுக்கத் தள்ளிக்கொண்டு போனது. வேளை தவறாமல் கொடுத்தேன். சில நாட்களில் மடி கனத்தது. கடைக்குட்டியை நானே பிடித்துக் காம்பில் வைத்துப் பழக்கினேன். அது முட்டி முட்டிக் குடித்துவிட்டு, வயிறு உப்பி, என் உள்ளங்கையிலேயே தூங்கிப்போனபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்தும் பிழைத்தன. பார்க்காதவர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

தை பிறந்தது. எதிர்வீட்டில் மகளுக்கும் பிரசவமாகியிருந்தது. ஒரு நாள் எதிர்வீட்டுக்காரி, வீறிட்டு அழும் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"பொண்ணுக்குப் பால் பத்தல. இன்னான்னமோ குட்த்துப் பாத்துட்டேன். கொழந்த கத்திகினே கீது. நீ அந்தப் புட்டு எப்டி செஞ்ச?"

நாக்கு நுனிவரை நாலு பதில் வந்தது. குழந்தை அழுத அழுகையில் நாலும் மறந்துவிட்டது.

"மீனு நான் வாங்கியாறேன். மனுஷிக்குப் பூண்டு நெறைய போடணும். உக்காந்து உரி" என்று முறத்தில் பூண்டை எடுத்துக் கொடுத்தேன்.

உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உரிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டாள்.