அண்ணா வரவழைத்த ரேடியேட்டர்

எங்கள் கார் மலை ஏறாது. இப்படிச் சொன்னால் அண்ணாவுக்குக் கோபம் வரும். "ஏறும்டா, நீதான் ஏத்த மாட்டேங்கறே" என்பான். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி.

இரண்டே பேர் உட்காரும் பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் அது. நாற்பது வருஷத்துக்கு முன்னால், போனக்காடு தேயிலை எஸ்டேட்டை விட்டுக் கிளம்பிய ஒரு மேனேஜரிடமிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கினோம். நான் அப்போது பொதுப்பணித் துறையில் புதிதாகச் சேர்ந்த டிராஃப்ட்ஸ்மேன், அண்ணா பேங்கில் கிளார்க். பங்களா கேட்டில் சாவியை வாங்கிக்கொண்டு மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தோம். வழி முழுக்க இறக்கம், வண்டி சூடே ஆகவில்லை. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது அண்ணா ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. பக்கத்து வீட்டு மாமா வெளியே வந்து திட்டியபிறகுதான் நிறுத்தினான்.

இறக்கிக்கொண்டு வந்த வண்டியை மறுபடி ஏற்ற எங்களால் முடியவில்லை. மலையடிவாரத்து விதுரா வரைக்கும் ராஜா மாதிரி போகும். ஏற்றம் ஆரம்பித்தவுடன் சூடு காட்டும் முள் மெல்ல வலது பக்கம் சாயும். அப்புறம் பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி. ஓரமாக நிறுத்தி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றித் திரும்பி வருவோம். கல்யாணத்துக்கு முன் பல தடவை, பின் சில தடவை. அப்புறம் மேலே போகலாமா என்று அண்ணா கேட்பதையே விட்டுவிட்டான். வண்டி அவன் வீட்டை ஒட்டிய ஷெட்டில் நின்றது. என் வீடு அடுத்த தெரு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போய்த் துடைப்பேன், சங்குமுகம் கடற்கரை வரை ஓட்டிவிட்டு வருவோம். சமதரையில் அது சமர்த்து.

இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணாவுக்குச் சிறுநீரகம் போயிற்று. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். சனிக்கிழமைகளில் கொஞ்சம் தெம்பாக இருப்பான், ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவான். அப்படி ஒரு சனிக்கிழமைதான் அந்த ஆசையைச் சொன்னான்.

"அந்த பங்களா கேட் வரைக்கும் ஒரு தரம் இதுல போயிட்டு வந்துடணும்டா."

"அங்க இப்போ யார் இருக்கா? பாதி இடிஞ்சு கிடக்குன்னு சொல்றா."

"யாரும் வேண்டாம். நீ இருந்தா போறும்" என்றான்.

நான் துணியை உதறிவிட்டு, பார்க்கலாம் என்றேன். என் வாயில் 'பார்க்கலாம்' என்று வந்தால் அது நடக்காது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஓணத்துக்கு முந்தின வாரம் இங்கிலாந்திலிருந்து ஒரு பார்சல் வந்தது. அண்ணாவே கம்ப்யூட்டரில் தேடி, எழுதிப் போட்டு வரவழைத்திருந்தான். அலுமினியத்தில் பெரிய ரேடியேட்டர். எங்கள் வண்டியின் பழைய பித்தளை ரேடியேட்டரைவிட அகலம், தடிமன் இரண்டுமே அதிகம். அதை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மன்னிக்குச் சிரிப்பு. "பேரன் பொறந்தப்போகூட இப்படி மடியில வெச்சுக்கலை" என்றாள்.

கரமனையில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருப்பவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம், கை சுத்தமான வேலைக்காரர். பழைய ரேடியேட்டரைக் கழற்றி, புதியதைத் தூக்கி வைத்துப் பார்த்தார். எஞ்சினுக்கு முன்னால் குறுக்காக ஒரு தகடு உண்டு. அதில் ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு, அதன்மேல்தான் ரேடியேட்டர் உட்காரும். புதியது அந்த ஜன்னலைவிடப் பெரியது.

"ரெண்டு சைடுலயும் ரெண்டு ரெண்டு இஞ்சு வெட்டணும் சாரே. கிரைண்டர் வச்சு எடுத்துட்டு பிராக்கெட்டை மாத்தினா போதும். ஒரு மணிக்கூர் வேலைகூட இல்லை, கேட்டேளா."

"வெட்டக்கூடாது" என்றேன்.

இதை விளக்கியாக வேண்டும். பழைய கார் வைத்திருப்பவர்கள் என்று ஊரில் ஒரு கூட்டம் உண்டு, நானும் அதில் ஒருத்தன். வருஷத்துக்கு ஒருமுறை வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்வையிடுவார்கள். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து, தொழிற்சாலையில் போடாத ஓட்டை எங்காவது இருக்கிறதா என்று தேடுவார்கள். மூன்று வருஷம் தொடர்ந்து எங்கள் வண்டிக்குக் கேடயம் கிடைத்தது. ஒரு இடத்தில்கூடக் கத்தி படாத வண்டி என்று மைக்கில் சொன்னார்கள். மூன்று தடவையும் மேடை ஏறி வாங்கியவன் நான். அண்ணா கீழே உட்கார்ந்து கை தட்டினான். உத்தியோகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கோடு பிசகாமல் வரைந்து எனக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு சால்வையும் சுவர்க்கடிகாரமும். அந்த மைக்கில் என் பெயரைச் சொன்னபோது, எனக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தத் தகட்டை வெட்டினால் அடுத்த முறை டார்ச் வெளிச்சத்தில் அது பல்லை இளிக்கும்.

"வெட்டாம வேற வழி பாக்கலாம்" என்றேன். பட்டறைக்காரர் அண்ணாவைப் பார்த்தார்.

அண்ணா கையை நீட்டினான். டயாலிசிஸ் ஊசிக்காக முழங்கைக்குக் கீழே ரத்தக்குழாயை வெட்டித் தைத்திருந்த இடம் கயிறு மாதிரி புடைத்திருக்கும். "என் கையையே வெட்டித் தச்சுட்டா. நான் ஒண்ணும் சொல்லலை. தகரத்தை வெட்டினா உனக்கு என்னடா?"

"உன் கை வேற, வண்டி வேற அண்ணா" என்றேன். என்ன பேச்சு அது! அன்றைக்கு அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

பெரிய ரேடியேட்டர் மறுபடி பெட்டிக்குள் போய், அண்ணாவின் அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் நின்றது. நான் வேறு வழி பார்க்க ஆரம்பித்தேன். பழையதை மருந்து ஊற்றிக் கழுவினேன். துரு துருவாகக் கொட்டியது, பிரயோஜனம் இல்லை. பிறகு அதன் உள்பகுதியை மட்டும் மாற்றினால் வெளியே பழசு மாதிரியே இருக்கும் என்று கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து வந்தது. பற்றவைத்த இடத்தில் ஒழுகியது. திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணா, "எந்தாச்சுடா?" என்று கேட்பான். "ரெண்டு வாரம் அண்ணா" என்பேன். அவன் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மன்னி கை கொடுக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் நான் பார்க்காமல் இல்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், கூடவே கோயம்புத்தூருக்குப் போனும் பண்ணிக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, கோயம்புத்தூரிலிருந்து இரண்டாம் முறை வந்த ரேடியேட்டரைப் பொருத்திக்கொண்டு கிளம்பினோம். அண்ணா புதுச் சட்டை போட்டுக்கொண்டான். மன்னி இட்லி கட்டிக் கொடுத்து, டாக்டர் அவனுக்கு அளவோடு அனுமதித்திருந்த தண்ணீரைக் கால் லிட்டர் பாட்டிலில் அளந்து தந்தாள். நெடுமங்காடு தாண்டினோம், விதுரா தாண்டினோம். முள் நடுவில் நின்றது. அண்ணா முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான். ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறினோம். இளைஞர்களாக இருந்தபோது நின்றுபோகும் வளைவைத் தாண்டியும் வண்டி ஏறியது. அவன் என் தொடையில் ஓங்கி அடித்தான்.

அதற்கப்புறம் சாலை சாலையாக இல்லை, வெறும் குழி. முதல் கியரிலேயே ஊர்ந்து போக வேண்டியிருந்தது. முள் நகர்ந்தது. எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இழுக்கட்டும் என்று நான் ஹீட்டரைப் போட்டேன், அனல் முழுக்க எங்கள் காலில் அடித்தது. அப்படியும் முள் நிற்கவில்லை. ஆவி வந்தது.

அண்ணாவை ஓரத்துக் கல்லில் உட்காரவைத்துவிட்டு, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடுக்கிலிருந்து கேனை எடுத்து ஊற்றினேன். மூன்று லிட்டர் போயிற்று. அவன் தன் கால் லிட்டர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்கு மட்டும் எத்தனை வேணும்னாலும் ஜலம் குடுக்கறா பாரு" என்றான். நான் சிரித்தேன், அவனும் சிரித்தான். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"இன்னும் எத்தனை தூரம்?"

"நாலு கிலோமீட்டர் இருக்கும்."

அவன் மேலே பார்த்தான். வளைவுக்கு அப்பால் மரங்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "அடுத்த சனிக்கிழமை அதை வெட்டிடு. நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். உனக்குக் கஷ்டமா இருந்தா நீ உள்ள போய்க் காபி குடி" என்றான்.

அவன் என்னிடம் வாழ்க்கையில் கெஞ்சியதில்லை. அன்றும் அது கெஞ்சல் இல்லை, ஆனால் குரல் இறங்கியிருந்தது. நான் சரி என்றேன். சரி என்றுதான் சொன்னேன், பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமைக்குள் யாரோ ஒரு எலெக்ட்ரிக் ஃபேன் பற்றிச் சொன்னார்கள். வெட்ட வேண்டாம், துளை போட வேண்டாம், பழைய ரேடியேட்டரின் முன்னால் கட்டிவிடலாம். பத்து நாளில் வந்துவிடும். அண்ணாவிடம் போய்ச் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "உன் இஷ்டம்" என்றான். மூன்றாம் நாள் காலையில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஐ.சி.யூ.வில் ஒருவராகத்தான் உள்ளே விட்டார்கள். நான் போனபோது முகத்தில் மாஸ்க் இருந்தது. என்னைப் பார்த்ததும் அதைக் கொஞ்சம் விலக்கினான்.

"வெட்டியாச்சா?"

"ஆச்சு அண்ணா" என்றேன்.

"முள்ளு?"

"நடுவுலயே நிக்கறது."

அவன் என்னையே பார்த்தான். அப்புறம் தலையை ஆட்டிவிட்டு மாஸ்க்கை முகத்தில் வைத்துக்கொண்டான். நான் வெளியே வந்து, நாளைக்கு முதல் வேலையாக வெட்டிவிட வேண்டும், அப்போது நான் சொன்னது பொய்யாக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் விடியற்காலையில் அவன் போய்விட்டான்.

பதிமூன்று நாள் காரியமும் முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் கிளம்பினார்கள். அதற்கு அடுத்த வாரம் அண்ணாவின் அறையிலிருந்து அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, பட்டறைக்காரரை வரச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

சாக்பீஸால் கோடு போட்டது நான்தான். முதல் கோடு கோணலாகப் போயிற்று, துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். கிரைண்டர் தகட்டில் பட்டதும் பொறி பறந்தது. என் நெஞ்சு அடைக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமே ஆகவில்லை. ஏதோ தகரத்தை யாரோ வெட்டுகிறார்கள், அவ்வளவுதான். இந்தத் தகரத்துக்காகவா என்று நினைத்தபோதுதான் எனக்கு என்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. எழுந்து போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெரிய ரேடியேட்டர் அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. ஹோஸ்களை மாட்டி, தண்ணீர் ஊற்றி, பட்டறைக்காரர் வண்டியைக் கிளப்பினார். வெயிலில் அது ஓடிக்கொண்டே நின்றது. முள் நடுவுக்கு வந்து, அதற்குமேல் அசையவில்லை.

சத்தம் கேட்டு மன்னி வந்து ஷெட் வாசலில் நின்றாள். கீழே கிடந்த இரண்டு தகடுத் துண்டுகளைப் பார்த்தாள். விளிம்பு பளபளவென்று இருந்தது. ஒன்றைக் குனிந்து எடுத்து, சூடு தாங்காமல் கீழே போட்டாள்.

"இது அன்னிக்கே வெட்டியாச்சுன்னு அவர் என்கிட்ட சொன்னாரே" என்றாள். "நீங்கோ பாத்துட்டு வந்தப்பறம் நான் உள்ள போனேன். வெட்டிட்டான், சந்தோஷம்னார்."

வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மன்னி பட்டறைக்காரர் பக்கம் திரும்பினாள். "இதுக்கு எத்தனை நேரம் ஆச்சு?"

நான் வேண்டாம் என்று கையைத் தூக்குவதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"முக்கால் மணிக்கூர், மாமி."