ஆதாரம் கேட்டால் ஆதார் வரும்

கல்லூரிக் கட்டுரைகளை ஆன்லைனில் படித்துக் குறை சொல்வது என் தொழில். என் மாமியார் பாஷையில், 'உக்காந்த எடத்துல ஊரு புள்ளைங்கள திட்டறது'.

புதுச்சேரி கிருமாம்பாக்கத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய வீடு. கடலூர் பஸ் ஹாரன் அடித்து ஓயும்வரை மைக்கை அணைத்துவைத்துவிட்டு, அப்புறம் குறை சொல்வேன். என்னைப் போல அடுத்தவர் கட்டுரையைப் படித்துப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு அதிர்ச்சி பழகியிருக்கும். எனக்கு இன்னும் பழகவில்லை. காரணம், சோரியாங்குப்பம் மஞ்சுளா. பி.ஏ. பொருளாதாரம், கடைசி வருஷம். கரும்பு விவசாயிகளின் வருமானம் பற்றிய அவள் ஆய்வுக் கட்டுரையைப் பேராசிரியர் இரண்டு தடவை திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொரு தடவை திரும்பினால் இந்த வருஷம் டிகிரி கிடையாது, பி.எட். கனவும் போச்சு. அந்த நிலையில்தான் என்னிடம் வந்தாள்.

கட்டைவிரல்

முதல் வரைவின் ஓரமெல்லாம் கமெண்ட் போட்டு அனுப்பினேன். மறுநாளே 'முடிஞ்சிருச்சி மிஸ்' என்று பதில். இவ்வளவு வேகமா என்று திறந்தால், கட்டுரையில் ஒரு கால்புள்ளிகூட நகரவில்லை. ஒவ்வொரு கமெண்ட்டின் கீழும் ஒரு கட்டைவிரல். ஒன்றில் மட்டும் சிவப்பு இதயம். போன் போட்டுக் கேட்டேன்.

"எல்லாத்துக்கும் லைக் போட்டுட்டேன் மிஸ். 'புரியவில்லை'ன்னு போட்டிருந்தீங்களே, அதுக்கு மட்டும் ஹார்ட்டு. எனக்கும் அந்த எடம் புரியல."

பெரியப்பாவின் படம்

கமெண்ட் என்றால் வேலை, வாழ்த்து இல்லை என்று விளக்கினேன். புரிந்துகொண்டாள். 'பத்து வருஷத்தில் கூலி ஏறிவிட்டது' என்று அவள் எழுதிய இடத்தில் 'ஆதாரம் இணைக்கவும்' என்று போட்டிருந்தேன். இணைத்திருந்தாள். திறந்து பார்த்தேன். பெரியப்பா, சித்தப்பா, பக்கத்து நிலத்துக்காரர் என்று வரிசையாக ஆதார் அட்டைகள், முன்பக்கம் பின்பக்கம் இரண்டும். முதலில் அதையெல்லாம் அழி என்று கத்தினேன். அவள் குரலில் அப்படி ஒரு ஏமாற்றம்.

"பெரியப்பா குடுக்கவே மாட்டேன்னுச்சி மிஸ். என் பேர்ல லோன் வாங்கப் போறியான்னு ஒரே சண்ட. அழுது வாங்கியாந்தேன்."

எந்த மாநிலம்?

அடுத்த வரைவில் ஒரு பக்கம் 'புதுச்சேரி விவசாயிகள்' என்றிருந்தது. அடுத்த பக்கத்தில் அதே ஆட்கள் 'தமிழக விவசாயிகள்'. பேராசிரியர் திருப்பிக் கொடுத்ததும் இதற்காகத்தான். 'ஆய்வுப் பகுதி எது? ஒன்றை முடிவு செய்' என்று கறாராக எழுதினேன். பதிலே இல்லை. நானே கூப்பிட்டேன். அழுதுகொண்டிருந்தாள்.

"வூடு பாண்டி மிஸ், கயினி தமிழ்நாடு. நான் யார வுடறது?"

அவள் ஊர் இருக்கும் இதே பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் குப்பை கொட்டுகிறவள் நான், வரப்பைத் தாண்டினால் மாநிலம் மாறும் என்பது எனக்குத் தெரியாதா? திரையைப் பார்த்துப் பார்த்து நானும் வெளியூர்க்காரியாகிவிட்டேன் என்று வெட்கமாக இருந்தது. ஒரு மாநிலத்தில் ஓட்டு, இன்னொரு மாநிலத்தில் பயிர், ஒரு மனு கொடுக்க எந்தப் பக்கம் போவது என்று அவள் பெரியப்பா படும் பாட்டைக் கேட்கக் கேட்கச் சொன்னாள். இதுதான் உன் கட்டுரை, இப்போது பேசிய மாதிரியே எழுது என்றேன்.

"இதெல்லாம் எழுதலாமா மிஸ்? இது எங்க வூட்டுக் கததான?"

நன்றியுரை

எழுதினாள். பிரமாதமாக எழுதினாள். அதுவே வினையானது. பேராசிரியர் படித்துவிட்டு, இது நீ எழுதியதில்லை என்று சொல்லிவிட்டாராம். மகராசி, முதல் பக்கத்திலேயே என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு நன்றி சொல்லியிருக்கிறாள். அவர் வேறு என்ன நினைப்பார்? மறுநாள் துறையில் எல்லோர் முன்னாலும் அவளை நிறுத்திக் கேள்வி கேட்பதாக ஏற்பாடு. ஒரு பெண்ணின் டிகிரி என் பெயரால் போகப் போகிறதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மதியம் அவளிடமிருந்து போன் வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது.

"கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு சொன்னேன் மிஸ். கடசியா, அந்த மேடம் எவ்ளோ எழுதிக் குடுத்தாங்கன்னாரு. அவங்க எங்க சார் எழுதினாங்க, கேள்வி கேட்டுக் கேட்டு என் உசுர வாங்கினாங்க, அது தாங்காம நானே எழுதிட்டேன்னேன். சிரிச்சிட்டுக் கையெழுத்து போட்டுட்டாரு."

பிள்ளைகளின் உயிரை வாங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.