முருகேசன் பெயரில் பதினொரு நிமிடம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பயத்தினால் இல்லை, நம்பிக்கை இல்லாததால். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவன், ஒயரையும் ஸ்விட்சையும் தொட்டே இருபத்தைந்து வருடம் பிழைத்தவன். ஒரு பல்பு எரியவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், அவ்வளவுதான் என் அறிவு. இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம், நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

கட்டுமாவடிப் பக்கம் ஓர் இறால் கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம். ஜெனரேட்டர் பார்க்கச் சேர்ந்தவன், போகப் போக கம்ப்யூட்டரையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆபீசில் ஆளுக்கொரு திரையும் கீபோர்டும் இருக்கும், ஆனால் உண்மையான கம்ப்யூட்டர் ஒன்றுதான், அது கண்ணாடிக் கதவு போட்ட சின்ன ஏசி அறையில் இருக்கும், சர்வர் என்போம். காலையில் அவரவர் பெயரைப் போட்டு அதற்குள் போவார்கள், சாயங்காலம் லாக் ஆஃப் கொடுத்து வெளியே வருவார்கள். திரை மறுபடியும் பெயர் கேட்கிற வரை யாரும் நாற்காலியை விட்டு எழக் கூடாது. ஒரு தடவை பாதியில் கரண்ட் போய் எல்லாம் கெட்டுப்போனதிலிருந்து அது சட்டம்.

முருகேசன் லேபிள் அடிக்கிறவன். அவன் லாகினில் மட்டும்தான் தமிழ் கீபோர்டும் லேபிள் பிரிண்டரும் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் புதிதாக யார் வந்தாலும் அவனுடையதை அப்படியே நகல் எடுத்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவேன். சோம்பேறித்தனம்தான். கடைசியில் எல்லோர் திரைக்குள்ளும் இருந்தது முருகேசனின் நகல்தான்.

முதலாளி சென்னையில். இங்கே அவருடைய மச்சினன் வைத்ததுதான் சட்டம், சின்னவர் என்று கூப்பிடுவோம். கை நீட்டாமல் அவருக்குப் பேச வராது. ஒரு நாள் மத்தியானம், நாள்பட்ட இறாலுக்குப் புதுத் தேதி போட்டு லேபிள் அடிக்கச் சொன்னார்.

"முடியாதுங்க சார். திங்கிறவன் வயித்துக்குள்ள போற சாமான். நான் அடிக்க மாட்டேன்."

"அப்ப ஒன்னைய அடிக்கவாடா?"

ஐஸ் பாரை இழுக்கிற இரும்புக் கொக்கி அவர் கையில் இருந்தது. முதல் அடி தாடையில். காய்ந்த தென்னை மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம், இப்போது நினைத்தாலும் என் பல் கூசுகிறது. அடுத்தது இடது காதில், காது பாதி பிய்ந்து தொங்கியது. விழுந்த பிறகு விலாவில் மூன்று. முருகேசன் வாயைத் திறந்தான், ரத்தமும் பல்லும்தான் வந்தது.

"எவனாச்சும் எந்திரிச்சா அடுத்த அடி அவனுக்குத்தான். எல்லாரும் அவனவன் ஸ்கிரீனைப் பாருங்க!"

பார்த்தோம். எட்டுப் பேரும் பார்த்தோம். ரத்தம் நாற்காலிக்கு அடியில் ஓடி வந்தது, பக்கத்து நாற்காலிப் பரிமளா காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். கார் வந்து அவனைத் தூக்கிப் போகிற வரை நான் திரை மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பதினாலிலிருந்து இரண்டு இருபத்தைந்து வரை. மூன்றாம் நாள் செத்துப்போனான். பைக்கிலிருந்து விழுந்துவிட்டான் என்றார் சின்னவர். நாங்களும் அதையே சொன்னோம்.

காரியம் முடிந்து அவன் மனைவி சித்ரா கம்பெனி கேட்டுக்கு வந்தது. எல்லோரும் அங்கிட்டு இங்கிட்டு நழுவிவிட்டார்கள், நான் மாட்டிக்கொண்டேன்.

"அண்ணே, பைக்கு அன்னைக்கு வீட்லதான நின்னுச்சு? அவரு பஸ்சுலதான வந்தாரு? நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே."

"நான் சர்வர் ரூமுல இருந்தேம்மா" என்றேன். எதையும் பார்க்கவில்லை என்று அதற்கு அர்த்தம். சித்ரா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றது, பிறகு போய்விட்டது.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தது. லாக் ஆஃப் கொடுத்தால் அரை நிமிடத்தில் முடிகிற வேலை, 'காத்திருக்கவும்' என்று வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. ஒருத்தருக்கு இல்லை, எல்லோருக்கும். நம்பினால் நம்புங்கள், கையில் வாட்சை வைத்துப் பார்த்தேன், பதினொரு நிமிடம். மறுநாளும் அதேதான். சட்டம் சட்டம்தான் என்பதால் எழவும் முடியாது, திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ராசு அண்ணே, இன்னைக்கும் பஸ்சு போயிருச்சு. ஒங்க சர்வருக்குக் கொள்ளி வைக்க" என்றாள் பரிமளா. சிரித்தபடிதான் சொன்னாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

திருச்சியில் பாஷா பாய் என்று ஒருவர், போனில் வழி சொல்வார். "இல்லாத பிரிண்டரைத் தேடிக்கிட்டு நிக்கும்ணே, எடுத்துவிடுங்க" என்றார். எடுத்தேன். குப்பையைக் காலி செய்யச் சொன்னார், செய்தேன். சர்வரை நிறுத்தி மறுபடி போட்டேன். பதினொரு நிமிடம்.

"உள்ள யாரோட லாகினாச்சும் தொங்கிக்கிட்டு இருக்கா பாருங்க."

பட்டியலைத் திறந்தேன். எங்கள் எட்டுப் பேருக்குக் கீழே ஒன்பதாவதாக முருகேசன். வேலையில் இருக்கிறான் என்று காட்டியது. அவன் திரையை நானே கழற்றி என் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். அவன் பெயரை வெளியேற்றினேன், போனது, மூச்சு விடுவதற்குள் திரும்ப வந்தது. பாஷா பாயிடம் சொன்னேன். "நான் பொறவு கூப்புடுறேண்ணே" என்று வைத்துவிட்டார், பிறகு கூப்பிடவே இல்லை.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. இரண்டு மணி தாண்டி எல்லோரும் லாக் ஆஃப் கொடுத்துவிட்டு வட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சின்னவர் கொக்கியோடு நான் இருந்த சர்வர் அறைக்குள் வந்தார், பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தார்.

"செத்தவனை இன்னும் உள்ள வச்சிருக்கியாடா? எவன்கிட்டக் காட்டுறதுக்குடா இது?"

கொக்கி என் தோளில் இறங்கியது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அலமாரிக்குப் பக்கத்தில் விழுந்தேன். இன்னொன்று முதுகில். தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன், இன்றைக்கு நாமும் பைக்கிலிருந்து விழப்போகிறோம் என்று மட்டும் நினைத்தது நினைவிருக்கிறது. அவரே மவுசைப் பிடித்து முருகேசனை வெளியேற்றினார். திரையில் காத்திருக்கவும் என்று வந்தது. மணி இரண்டு பதினாலு.

அப்போதுதான் தென்னை மட்டை முறிகிற சத்தம் கேட்டது.

அடுத்து ஓர் அலறல், ஈரமான அலறல். பிறகு மூன்று அடி, விலாவில் விழுகிற மாதிரி. அதோடு நிற்கவில்லை, மெதுவாக, அவசரமே இல்லாமல் விழுந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தேன். கொக்கி மேலே போய் இறங்குவதைப் பார்த்தேன். அதைப் பிடித்திருந்த கையைப் பார்க்கவில்லை. அந்த அறையில் நானும் அவரும்தான்.

திரை பெயர் கேட்கும் பக்கத்துக்கு வந்ததும் சத்தம் நின்றது. இரண்டு இருபத்தைந்து. அவர் தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது, இடது காது பாதிதான் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஏழு பேரும் அவரவர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் எழவில்லை. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஆனாலும் பரிமளா இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்திருந்தாள்.

நான் அப்படியே நடந்து சித்ரா வீட்டுக்குப் போனேன். "நான் சர்வர் ரூமுல இல்லம்மா. அன்னைக்கு அவன் பக்கத்துல இருந்தேன்" என்று முழுவதையும் சொன்னேன். அது அழவில்லை, "வாங்கண்ணே" என்று செருப்பை மாட்டியது, இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். மற்றவர்களும் பிறகு வந்து சாட்சி சொன்னார்கள். வழக்கு நடக்கிறது.

சின்னவரை அடித்தது யார் என்று போலீஸ் முதலில் என்னைத்தான் பிடித்தது. "ராசு அண்ணனா? கொசு அடிக்கக்கூட அவருக்குக் கை வராதுங்க" என்றாள் பரிமளா. தாடையில் கம்பி கட்டியிருந்ததால் சின்னவருக்குப் பேச முடியாது, காகிதமும் பென்சிலும் கொடுத்தார்கள். முருகேசன் என்று எழுதினார். அடிபட்டதில் மூளை குழம்பிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போய் அவர் கட்டிலுக்கு எதிரே நிறுத்தினார்கள். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் வலது கையைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் குழந்தை மாதிரி அழ ஆரம்பித்து, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். வெளியே வந்து கையை விரித்துப் பார்த்தேன். விழுந்ததில் சிராய்த்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உள்ளங்கையின் குறுக்கே வரிசையாகக் கொப்புளம், கொக்கியின் பிடி எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு. நான் அதைத் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை, தலையைத்தான் பிடித்திருந்தேன்.

இப்போது கீரமங்கலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். ஒரே ஒரு கம்ப்யூட்டர், நிறுத்தினால் உடனே நின்றுவிடும், ஒரு குறையும் இல்லை. ஆனால் நிறுத்தும்போது மவுசை இடது கையால்தான் தொடுவேன். திரை இருட்டாகிற வரைக்கும் வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.