பின்சந்தில் பதினொரு கதவுகள்

பள்ளிபாளையத்தில் வீடுகளைக் கணக்கெடுக்க, ஆசிரியையான என்னையும் அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தது எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சந்து. ஒரே வீடு என்று நான் நினைத்திருந்த கட்டடத்துக்குள் பதினொரு கதவுகள் இருந்தன. முதல் அறையில் நடுப்பகலில் ஆறு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் நின்ற ஒடிசாக்காரப் பெண், "மெதுவாப் பேசுங்க டீச்சர். ராத்திரியெல்லாம் தறி ஓட்டுனவங்க. இவங்க எந்திரிச்சுப் போனா வேற ஆறு பேரு வந்து படுப்பாங்க" என்றாள்.

"நல்லாத் தமிழ் பேசறீங்களே, வந்து எத்தன வருசமாச்சு?" என்று கேட்டேன்.

"ஒம்போது வருசமுங்க. உங்க ஊட்டு மாடியில நீங்க துணி காயப்போடறதைத் தெனமும் பாக்கறேனுங்க."

அவள் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அவள் ஸ்டூல் எடுத்துப் போட்டாள். அதில் உட்கார்ந்து, அந்த ஓர் அறையின் பன்னிரண்டு பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன்.